ஈட்டி ஏறாத படகு: பாசிக்குடாவில் ஒரு சுழியோடிக் கடை

கடையின் பெயரைப் போடப்போவதில்லை. குறையும் எழுதப்போகிறேன், அதன் உரிமையாளரோ தன் இரண்டு அவுட்போட் என்ஜின்களையும் என்னிடம்தான் திருத்தக் கொண்டுவருகிறார். பெயரைப் போட்டால் ஒன்று வாடிக்கை போகும், இல்லாவிட்டால் அடுத்த முறை காசு வாங்காமல் கூட்டிப்போவார். இரண்டும் எனக்கு வேண்டாம். பாசிக்குடாவில் கடற்கரைக்கு இறங்கும் மணல் ஒழுங்கை ஒன்றில், நீலப் பெயர்ப்பலகை வெயிலில் வெளிறிப்போன கடை. ஊரில் இருப்பவர்களுக்கு இவ்வளவே போதும்.

நான் வாழைச்சேனையில் படகு என்ஜின் திருத்துகிறவன். கடலுக்கு மேலே ஓடுவதுதான் என் தொழில், கீழே போவது அல்ல. ஆனாலும் கல்குடாவில் பிறந்தவனுக்குக் கடலடி புதிதில்லை. கடந்த ஜூலையில் மாமா மகன் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தான். அங்கே ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிச் சுழியோடப் பழகி, அதற்கான அட்டையெல்லாம் வைத்திருக்கிறான். விடுமுறைக்கு புளோரிடா போனால் கடலுக்குள் இறங்காமல் திரும்புவதில்லை. "வா மச்சான், செலவு என்ட" என்றான். சரி என்று போனேன். கையில் நீளமான பை ஒன்று வைத்திருந்தான். மீன் தூண்டில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். ஏழேகாலுக்குத்தான் கதவைத் திறந்தார்கள். படகு கிளம்பும்போது எட்டு தாண்டிவிட்டது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதத்தில் இது சின்ன விசயமில்லை. காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் கடல் பத்து மணிக்குப் பிறகு அப்படியே கிடக்கும் என்று சொல்ல முடியாது. முதல் குறை இது.

காத்திருந்த நேரத்தில் பின்பக்கம் போய் கம்பிரசரைப் பார்த்தேன். தொழில் புத்தி. சிலிண்டரில் அடைக்கிற காற்றைத்தான் கீழே போய் மூச்சாக இழுக்கப்போகிறோம். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடி, அதன் புகையைக் கம்பிரசர் உறிஞ்சினால் காபன் மொனொக்சைட்டும் சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். மேலே நின்றால் தலைவலியோடு முடியலாம். ஆழத்தில் அழுத்தம் கூடக் கூட அதே அளவு நஞ்சின் வேலையும் கூடும். இங்கே காற்று உறிஞ்சும் குழாயைக் கூரைக்கு மேலே, ஜெனரேட்டருக்கு எதிர்ப்பக்கமாக ஏற்றியிருந்தார்கள். வாய்க்குப் பூச்சி வலை கட்டியிருந்தது. பில்டர் மாற்றிய திகதி சுவரில் பென்சிலால் எழுதியிருந்தது, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினாலு வரி. சிலிண்டர் கழுத்தில் அழுத்தச் சோதனை முத்திரையையும் தடவிப் பார்த்தேன், ஐந்து வருடத்துக்குள்தான். இவ்வளவு பார்த்த பிறகு, முழங்காலில் கிழிந்த வெட்சூட்டைத் தந்ததற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. கழிப்பறையைப் பற்றியும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதே மரியாதை.

சாமான்களைப் படகில் ஏற்றும்போதுதான் மச்சான் பையைத் திறந்தான். மூன்று துண்டாகக் கழற்றி வைத்த ஈட்டித் துப்பாக்கி. கறுப்புக் குழல், தடித்த ரப்பர் இரண்டு, முனையில் மடங்கி விரியும் கொளுவி. ஆயுதம் என்றாலும் வேலைப்பாடு நேர்த்தியானது, அதை மறுக்கமாட்டேன்.

வழிகாட்டி இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பொடியன். கல்குடாப் பக்கம்தான். பையைப் பார்த்ததும் கையிலிருந்த சிலிண்டரை மெல்ல மணலில் வைத்தான்.

"அண்ணே, நீங்க ஏறலாம். இது ஏறாது."

மச்சான் சிரித்தான். மேலதிகமாகப் பத்தாயிரம் தருகிறேன் என்றான். பிறகு இருபதாயிரம். சீசனில் ஒரு பொடியனுக்கு அது எத்தனை நாள் சம்பளம் என்று எனக்குத் தெரியும். பொடியன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இலங்கையில ஈட்டித் துவக்குத் தடையண்ணே" என்றான் கடைசியில். மச்சான் விடவில்லை. சட்டம் என்றால் நம் ஆட்களுக்கு உடனே வாய் திறக்கும், "இங்க எந்தச் சட்டத்த எவன் மதிக்கிறான்?" என்று. பொடியன் அதற்குப் பதில் சொல்லவில்லை. "சட்டம் இல்லாட்டியும் சிலிண்டரோட ஏத்தமாட்டம்" என்றான்.

இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான்.

மச்சானின் வாதம் முட்டாள்தனமானதில்லை. அவன் சொன்னான்: வலை போடுகிறவன் எல்லாவற்றையும் அள்ளுகிறான், குஞ்சு, சினை, ஆமை, எல்லாம். முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) மாட்டிய வலையைக் கல்லோடு பிய்க்கிறான். நான் கண்ணால் பார்த்து ஒரு மீனைத்தான் எடுக்கிறேன், அதையும் சாப்பிடத்தான். இதில் என்ன பாவம்? உண்மைதான். கல்லில் சிக்கிக் கைவிடப்பட்ட நைலோன் வலை வருடக்கணக்கில் சும்மா கிடந்து மீனைக் கொல்வதை நானும் பார்த்திருக்கிறேன். அதோடு ஒப்பிட்டால் ஈட்டி சுத்தமான வேலை.

"பாத்துத்தானண்ணே எடுப்பீங்க," என்றான் பொடியன். "பாத்து எதை எடுப்பீங்க? பெரிசைத்தானே. அதுதான் பிரச்சினை."

கலவாய் மீனைப் பற்றிச் சொன்னான். பல கலவாய் இனங்களில் குஞ்சு வளர்ந்து முதலில் பெண்ணாகத்தான் முட்டை போடும். வயது போய், உடல் பெருத்த பிறகே ஆணாக மாறும். ஆக ஒரு கல்லில் இருக்கிற மிகப் பெரிய இரண்டு மூன்று கலவாய்தான் அந்த இடத்தின் ஆண்கள். வருகிறவன் ஒவ்வொருவனும் பார்த்துப் பார்த்துப் பெரிசை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்? கிளிமீனிலும் பல இனம் அப்படித்தான்; அந்தப் பச்சையும் நீலமுமாக மினுங்குகிற பெரிய மீன்கள்தான் ஆண். வலைக்குக் கண்ணில்லை, ஈட்டிக்குக் கண் இருக்கிறது, அந்தக் கண் தவறாமல் அதன்மேல்தான் விழும்.

நான் அப்போது பேசாமல் நின்றேன். பேசுவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது.

சின்ன வயதில் எங்களிடமும் துவக்கு இருந்தது. வேப்பம்பலகையில் செதுக்கி, சைக்கிள் ரியூப்பை வெட்டி ரப்பராகக் கட்டி, கம்பியை அரத்தால் தீட்டிச் செய்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம். எனக்கு நல்ல நாளில் ஒன்றேகால் நிமிசம் தாங்கும், ஏழு எட்டு மீற்றர் போகலாம். போய்ச் சேர்ந்து கண் பழகுவதற்குள் பாதி மூச்சு முடிந்துவிடும். மீன் கல்லுக்குள் நுழைந்தால் காத்திருக்க முடியாது, மேலே வர வேண்டும். ஒரு காலை முழுவதும் இறங்கி ஏறினால் நாலு மீன், சில நாள் ஒன்றுமில்லை. குறி தப்பிய கம்பி கல்லில் பட்டு வளைந்து, அதை நிமிர்த்துவதே ஒரு வேலை.

2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு கடல் கொஞ்சம் திறந்தது. கடலட்டை பிடிக்கிறவர்கள் சிலிண்டரோடு வந்தார்கள். அவர்களுடைய கம்பிரசரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஒருநாள் இரவு சிலிண்டரில் மிச்சமிருந்த காற்றோடு, ரோர்ச் லைட்டும் ரப்பர் துவக்கும் எடுத்துக்கொண்டு நானும் இன்னொருவனும் இறங்கினோம்.

கிளிமீன் இரவில் எப்படித் தூங்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? சில இனங்கள் வாயிலிருந்து வழுவழுப்பான ஒரு பசையைக் கக்கித் தன்னைச் சுற்றிக் கூடுபோல் கட்டிக்கொள்ளும். வெளிச்சம் பட்டால் மெல்லிய பொலித்தீன் பைக்குள் வைத்த மீன்போல் இருக்கும். உள்ளே செவுள் மெல்ல அசையும், கண் திறந்தே இருக்கும், ஆனால் நம்மைப் பார்க்காது. கையை நீட்டினால் தொடலாம். நாங்கள் துவக்கைக்கூடச் சரியாகப் பாவிக்கவில்லை. கம்பியைக் கழற்றிக் கையாலேயே குத்தினோம். முப்பத்தொரு மீன். கரைக்கு வந்து எண்ணினோம், அதனால்தான் எண்ணிக்கை இன்னும் நினைவிருக்கிறது. ஐஸ் பெட்டி மூடவில்லை. அதில் கெட்டித்தனம் எதுவும் இல்லை. கடையில் அடுக்கி வைத்த போத்தலை எடுத்துப் பைக்குள் போடுவது மாதிரி.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், என்ஜின்காரன் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். 11 லீற்றர் சிலிண்டர், 200 பார் அழுத்தம், உள்ளே 2200 லீற்றர் காற்று. மேலே நிதானமாக நிமிசத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறவன் பத்து மீற்றரில் அதைப்போல் இரண்டு மடங்கு இழுப்பான். 50 பாரை மிச்சம் வைத்து ஏறினாலும் நாற்பது நிமிசம் கீழே இருக்கலாம். என் ஒன்றேகால் நிமிசம் எங்கே, இந்த நாற்பது எங்கே? மூச்சு முட்டுகிறவனிடமிருந்து மீன் ஒளிந்து தப்பும். சிலிண்டர்காரன் கல்லுக்கு முன்னால் குந்திக்கொண்டிருப்பான். வெளியே வந்துதானே ஆக வேண்டும்.

ஆழமும் அப்படித்தான். மச்சானுக்கு முருகைக்கல்லைவிட பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்கிற மூழ்கிய கப்பல் மேல்தான் ஆசை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்த அதே நாளில் குண்டு வாங்கி மூழ்கிய எண்ணெய்க் கப்பல் அது, இருபது சொச்சம் மீற்றரில் கிடக்கிறது. ஹேர்மிஸ் ஐம்பது மீற்றருக்கும் கீழே. சார்ஜன்டின் உடைந்த வயிற்றுக்குள் ஆள் தூக்கமுடியாத கலவாய் கிடக்கிறது என்று எங்கேயோ படித்திருக்கிறான். ஏன் கிடக்கிறது என்று யோசித்தால் விடை தெரியும். மூச்சுப் பிடித்து இறங்குகிற எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் அங்கே போய் வேட்டையாட முடியாது, இரும்புக்குள் வலையும் போட முடியாது. நம் கை எட்டாத இடத்தில் அவை பெருத்துக் குஞ்சு விடுவதால்தான் நம் கை எட்டுகிற இடத்திலும் ஏதோ மீன் இருக்கிறது. சிலிண்டரோடு ஈட்டியும் போனால் அந்தக் கதவும் உடைந்தது.

ஒரு வழியாகத் துவக்கு கடையின் அலுமாரிக்குள் போனது. பொடியன் பூட்டித் திறப்பை மச்சானின் கையிலேயே கொடுத்தான். அது எனக்குப் பிடித்தது.

முதல் இறக்கம் பாசிக்குடாக் கல். ஆழம் ஒன்பது பத்து மீற்றர்தான். இந்தக் கல் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். 1998 இல் கடல் சூடாகி வெளிறியது. 2004 இல் சுனாமி. 2016 இல் மறுபடி வெளிறியது. அதை நான் மேலிருந்தே பார்த்தேன், வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி. முருகை உயிரியின் உடம்புக்குள் குடியிருக்கிற நுண்ணிய பாசிதான் அதற்கு நிறமும் தருகிறது, சாப்பாட்டில் பெரும்பங்கும் தருகிறது. தண்ணீர் சூடு தாங்காவிட்டால் அந்தப் பாசி வெளியே போய்விடும். சூடு சீக்கிரம் தணிந்தால் திரும்பி வரும், தணியாவிட்டால் கல் பட்டினியில் சாகும். 2024 ஏப்ரலில் உலகம் முழுவதும் நாலாவது தடவையாக இது நடக்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

செத்த கல்லை உடனே வேறு பாசி பிடிக்கும். நிறம் தருகிற பாசி அல்ல, மயிர்போல் வளர்கிற புல்லுப்பாசி. அது மூடிவிட்டால் புதிதாக வருகிற முருகைக் குஞ்சுக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை. பாசிக்குடா என்று பெயர் வைத்த முன்னோருக்கு என்ன தெரிந்ததோ தெரியாது, முழுக் குடாவும் பாசியாகாமல் பார்த்துக்கொள்கிற ஆள் கிளிமீன்தான். ஓரா மீனும் உதவிக்கு உண்டு.

இதைப் பொடியன் மேலே வாயால் சொன்னான், கீழே விரலால் காட்டினான். அவனை வழிகாட்டி என்று சொல்வது அதற்காகத்தான். ஒரு செத்த மான்கொம்பு முருகையின் அடியில் என்னை நிறுத்தினான். சாம்பல் நிறக் கிளை, அதில் உளியால் கீறியதுபோல் இணை இணையாக வெள்ளைக் கோடுகள். கிளிமீன் சுரண்டிய பல் தடம். அந்தக் கோடுகளுக்கு இரண்டு விரல் தள்ளி, சட்டைப் பொத்தான் அளவில், ஊதா விளிம்போடு ஒரு முருகைக் குஞ்சு. மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, மாஸ்க்கைக் கல்லில் முட்டுகிற அளவுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அப்போது காதில் விழுந்தது: கறுக், கறுக். ரீயில் நனைக்காத றஸ்க்கைக் கடிக்கிற சத்தம். திரும்பினால் மூன்று கிளிமீன், தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கல்லைக் கடிக்கின்றன. ஒன்றின் வாலடியிலிருந்து வெள்ளை மணல் புகைபோல் விழுந்தது. நாம் பாய் விரித்துப் படுக்கிற கடற்கரை மணலில் ஒரு பங்கு இதுதான் என்று எனக்கு முன்னமே தெரியும், ஆனாலும் நேரில் பார்த்தால் சிரிப்பு வருகிறது. தண்ணீருக்குள் சிரித்தால் மாஸ்க்குக்குள் தண்ணீர் வரும், வந்தது.

மான்கொம்பு சுகமாக இருந்தால் வருடத்துக்கு ஒரு சாண் அளவுக்கு வளரும். உருண்டைக் கல் வகை ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். அந்தப் பொத்தான் உருண்டை வகையானால், ஒரு மனிதத் தலை அளவுக்கு வருவதற்குள் பத்து வருடத்துக்கு மேல் போய்விடும். இடையில் எத்தனை சூடு வருமோ. சூட்டை நானோ பொடியனோ தடுக்க முடியாது, ரொறன்ரோக்காரனாலும் முடியாது. கிளிமீனைக் குத்தாமல் விடுவது மட்டும் நம் கையில் இருக்கிறது.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். இரண்டாவது இறக்கத்துக்குப் படகு வடக்காகப் போனது. காயாங்கேணிப் பக்கம் 2019 இல் கடற்சரணாலயமாக்கிய இடத்துக்கு இந்தப் பக்கம். படகோட்டி வயதானவர், நல்ல மனிதர், "என்ன மனே, வாந்தி வருதா?" என்று மச்சானைக் கேலி பண்ணிக்கொண்டே வந்தார். இடம் வந்ததும் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். கீழே பார்க்காமல். நாங்கள் இறங்கியபோது அது மணலில் இல்லை. ஒரு மேசை முருகையின் விளிம்பில் கொளுவி, படகு அலையில் ஆட ஆடக் கயிறு அதை அறுத்துக்கொண்டிருந்தது. உடைந்த துண்டு புது வெள்ளையாகக் கிடந்தது, இரண்டு உள்ளங்கை அளவு. மச்சான் என்னைப் பார்த்தான். நான் பொடியனைப் பார்த்தேன். அவன் போய் நங்கூரத்தை எடுத்து மணலில் கொண்டுபோய் வைத்தான். மேலே வந்த பிறகு ஒன்றும் பேசவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது.

ஈட்டிக்கு இருபதாயிரத்தை வேண்டாம் என்று சொன்ன கடை, நாளுக்கு இரண்டு தடவை நங்கூரம் போடுகிறது. ஒரு மிதவை கட்டினால் முடிகிற காரியம். மச்சான் இதைச் சும்மா விடுவானா? கரை வரும்வரை நக்கல்தான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனால் அந்த நியாயத்தால் அவனுடைய துவக்கு சுத்தமாகிவிடாது. அதையும் அவனிடம் சொன்னேன்.

மத்தியானச் சாப்பாடு கடையின் பின் திண்ணையில். சோறு, பாரைக் குழம்பு, சொதி, முருங்கைக்காய். என்ன மீன் என்று கேட்டேன். கிளிமீன் வாங்குவதில்லை என்று சமைக்கிற அக்கா சொன்னார், "பொடியன் சண்டைக்கு வருவான்." குழம்பில் புளி தூக்கல். மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

இரண்டு இறக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆளுக்கு 25,000 ரூபாய். உள்ளூர்க்காரருக்குக் குறைப்பு உண்டு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது; கேட்டால்தான் தருகிறார்கள், ஆகவே கேளுங்கள். இரண்டாவது சிலிண்டரில் எனக்கு 200 பாருக்குப் பதிலாக 170 தான் இருந்தது, அதையும் ஏறுவதற்கு முன் கேளுங்கள். விளக்கம் சொல்வது முதலில் இங்கிலிசில் ஓடியது; தமிழில் சொல்லு தம்பி என்றதும் பொடியன் முகம் மலர்ந்து, இரண்டு மடங்கு விபரம் சொன்னான். ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை போகலாம். வாடை தொடங்கினால் தண்ணீர் கலங்கிவிடும். துவாய் உங்களுடையதைக் கொண்டுபோங்கள்.

அன்றிரவு மச்சான் விடாமல், உலகம் முழுவதும் சிலிண்டரோடு குத்துகிறார்கள் என்றான். போனில் தேடினோம். புளோரிடாவில் அனுமதி உண்டு, அது அவன் பக்கம். அங்கே சிங்கமீனைக் குத்தச் சொல்லி ஊக்குவிக்கவே செய்கிறார்கள்; ஆனால் சிங்கமீன் அங்கே வந்தேறி, நம் கடலில் அது இந்த ஊர்க்காரன். குயின்ஸ்லாந்தில் சிலிண்டரோடு ஈட்டி கூடாது. அமெரிக்கன் சமோவாவில் 2001 இல் நிறுத்திவிட்டார்கள், குவாமில் 2020 இல். முருகைக்கல்லை நம்பிச் சாப்பிடுகிற தீவுகள். மச்சான் போனைக் குப்புற வைத்துவிட்டு, அடுத்த தடவை மூச்சுப் பிடிக்கப் பழகி வருகிறேன் என்றான். இங்கே அதற்கும் துவக்கு கூடாது என்றேன். சரி, சும்மா பார்க்கத்தான் என்றான்.

நங்கூர விசயத்தை உரிமையாளரிடம் நேரிலேயே சொன்னேன். லொறி ரயருக்குள் கொங்கிரீட் ஊற்றி, நடுவில் கல்வனைஸ் வளையம் வைத்து, மிதவை கட்டுகிற கட்டை ஒன்று நானே செய்து தருகிறேன், காசு வேண்டாம், அனுமதி எடுத்து மணலில் இறக்கிவிடுங்கள் என்றேன். செய்தும் வைத்துவிட்டேன். போன கிழமை என்ஜின் எடுக்க வந்தார். காபரேட்டரைத் திறந்து காட்டினேன், பார்த்தார். வாசலில் கிடக்கிற கட்டையையும் பார்த்தார், காலால் ஒருதரம் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. "நல்ல பாரம்" என்றார். "சீசன் முடியட்டும், வாறன்."

கட்டை இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. பக்கத்து வீட்டு ஆடு அதில் ஏறி நிற்கப் பழகிவிட்டது.